சவுரியம்மாளின் கன்னத்துக் கட்டி

ஆம்பூரில் முக்தார் அகமது சாகிபின் தோல் பதனிடுகிற ஷாப்பில் ரோமம் காயவைக்கிற பெண்களுக்குத் தலைவியாக இருந்தவள் சவுரியம்மாள். யாரும் அவளை அந்த வேலைக்கு நியமிக்கவில்லை. மற்றவர்களைவிட அவளுக்கு வாய் ஜாஸ்தி, அவ்வளவுதான். சுண்ணாம்புக் குழியில் ஊறிய ஆட்டுத்தோலிலிருந்து ஆண்கள் ரோமத்தை வழித்துப் போடுவார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளிப் போய்ப் பாலாற்றில் அலசி, மணலில் பரப்பி, காய்ந்ததும் கறுப்பு வேறு வெள்ளை வேறாகப் பிரித்துக் கட்டுவார்கள். வயசுக்கு வந்த காலத்திலிருந்து அவள் இதைத்தான் செய்தாள். ஆற்று மணலில் நிழல் ஏது? சித்திரை வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டே கிழவி ஆனாள்.

அவளுக்கு யார் மீதும் மதிப்புக் கிடையாது. தாது வருஷப் பஞ்சத்தில் திமிரிப் பக்கத்திலிருந்து நடந்து வந்த குடும்பம் அவளுடையது. அப்பனும் அம்மாவும் வழியிலேயே போய்விட்டார்கள். தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு சிறுமியாகக் கஞ்சித் தொட்டிக்கு வந்து சேர்ந்தவளைக் கத்தோலிக்கச் சாமியார்கள் எடுத்து வளர்த்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். கோயிலில் முன்வரிசையில் உட்காரும் பழைய கிறிஸ்தவர்களுக்கு இது ஒரு இளப்பம். கஞ்சிக்காக வேதத்துக்கு வந்ததுகள் என்று காதில் விழும்படியே பேசுவார்கள். சவுரியம்மாள் ஒருநாள் திரும்பி நின்று, "ஆமா, கஞ்சிக்குத்தான் வந்தேன். கஞ்சி நல்லா இருந்துச்சு. நீங்க இன்னாத்துக்கு வந்தீங்க?" என்று கேட்டாள்.

புருஷன் சூசை தோலில் சவ்வு சீவுகிறவன். கோலார் தங்கவயலுக்குப் போனவன் பல வருஷம் கழித்து, கோட்டும் தொப்பியுமாக ரயிலில் வந்து இறங்கினான். ஊரே வேடிக்கை பார்க்கக் கூடியது. வாசலில் முறம் வைத்துக்கொண்டிருந்த சவுரியம்மாள் தலையைத் தூக்கி, "இன்னா, வழி தெரியாம வந்துட்டியா?" என்றாள். அவன் வாசலைத் தாண்டவில்லை. வந்த வழியே திரும்பிப் போனான். அவளுக்குப் பிள்ளை கிடையாது. தம்பியும் காலராவில் போனபிறகு தம்பி மகன் சின்னப்பனோடு ஒரே வீட்டில் இருந்தாள். சின்னப்பன் ஷாப்பில் மூட்டை கட்டுகிறவன். எதற்கெடுத்தாலும் ஊர் என்ன சொல்லும் என்று யோசிப்பதைத் தவிர அவனுக்கு வேறு யோசனை கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதில், அவளுக்கு அறுபத்தெட்டு வயது இருக்கலாம், இடது கன்னத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு கட்டி வந்தது. முதலில் பருப்பளவு. கொசு கடித்ததென்று நினைத்தாள். ஒரு மாதத்துக்குள் களாப்பழம்போல் ஆகிவிட்டது. நிறமும் அதேதான், சிவப்பும் ஊதாவும் கலந்து, மேல் தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. வலி இல்லை. அரிப்பு இல்லை. அமுக்கினால் கெட்டியாக இருந்தது. வலிக்காததால் அவள் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "அது பாட்டுக்கு இருக்குது, நான் பாட்டுக்கு இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஆற்றுக்குப் போனாள்.

ஆனால் ஊர் அப்படி விடுமா? ஊருக்கு வைத்தியம் தெரியாது, பேர் வைக்க மட்டும் தெரியும். பெருவியாதி என்று யாரோ ஆரம்பித்து வைத்தார்கள். குஷ்டம் எப்படி இருக்கும் என்று அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் சொன்னார்கள். நற்கருணை வாங்க அவள் முழங்காலில் நின்றால் இரண்டு பக்கமும் இடம் காலியானது. சின்னப்பனுக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தாள். பெண் பார்க்க வருவதாகச் சொன்ன வாணியம்பாடிக்காரர்கள் வரவில்லை. அதன்பிறகுதான் சின்னப்பனுக்கு அத்தையின் முகத்தைப் பற்றி அக்கறை பிறந்தது.

"அத்தை, கடைத்தெரு வைத்தியர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம் வா."

"எனக்கா, உன் சம்பந்திக்கா?"

"எல்லாருக்குந்தான்."

அந்தப் பதில் உண்மையாக இருந்ததால் அவள் கிளம்பினாள்.

வைத்தியர் பெயர் சுந்தரமூர்த்தி. பெயருக்கு முன்னால் வைத்திய சிகாமணி என்று பட்டம் போட்டிருந்தார். பட்டம் யார் கொடுத்தது என்று கேட்டால் வேலூர் என்பார், வேலூரில் கேட்டால் அப்படி ஒருவரையே தெரியாது. சேரிக்காரர்கள் கடைக்குள் வரக்கூடாது, தெருவில் நிற்க வேண்டும். சவுரியம்மாள் வெயிலில் நின்றாள். அவர் பலகையில் உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தார். கிட்டே வரவில்லை, தொடவில்லை.

"பித்தக் கட்டி. அமாவாசைக்குள்ள உதிர்ந்துடும்."

ஒரு பச்சைக் களிம்பை வாழையிலைத் துண்டில் வைத்துத் தரையில் காலால் தள்ளிவிட்டார். சின்னப்பன் குனிந்து எடுத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து அவள் கன்னத்தில் அப்பியும் விட்டான். அவன் தெருமுனை திரும்பியதும் அவள் அதை வழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டாள். நாத்தம் பிடுங்கியதாம். தோல் ஷாப்பில் ஆயுள் முழுக்க இருந்தவளுக்கே நாற்றம் தாங்கவில்லை என்றால் அது என்ன மருந்தோ.

அடுத்துக் கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் வந்தார். கோயில் சுரூபத்துக்கு முன்னால் எரிகிற விளக்கின் எண்ணெயை ஒரு சின்னப் புட்டியில் கொண்டுவந்து, ஜெபம் சொல்லி, கட்டியைச் சுற்றிச் சிலுவை போட்டார். பாவத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னார். "நெறைய இருக்குது, எதை நெனைக்கட்டும்?" என்றாள் சவுரியம்மாள். அவர் கோபித்துக்கொண்டு போனார். எண்ணெயை மட்டும் அவள் வழிக்கவில்லை. அது நல்ல எண்ணெய், வெயிலில் வெடித்த உதட்டுக்கும் ஆயிற்று.

கட்டி இவர்களில் யாரையும் மதிக்கவில்லை. எலுமிச்சம்பழம் அளவுக்கு வளர்ந்தது. உச்சியில் கொஞ்சம் தோல் கிழிந்து ரத்தம் கசிந்தது. கீழ் இமையை அது மேலே தள்ளியதால் இடது கண் பாதி மூடிக்கொண்டது. கறுப்பு ரோமத்தை வெள்ளைக் குவியலில் போட ஆரம்பித்தாள். ஒரு பெண் அதைப் பார்த்துச் சிரித்தாள். பெருவியாதிப் பேச்சுக்கும் அசையாதவள் அந்தச் சிரிப்புக்கு அசைந்தாள். மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் வேலூர் போய், பெண்களுக்கென்று இருந்த ஒரு ஆஸ்பத்திரியின் வராந்தாவில் உட்கார்ந்தாள்.

அங்கே அவளைப் பார்த்தது ஒரு இளம் டாக்டரம்மா. மூக்குக்கண்ணாடி போட்ட தமிழ்ப் பெண். முதலில் கையைக் கழுவினாள். பிறகு கட்டியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். யாரும் இப்படித் தொட்டுப் பல மாதம் ஆன முகம் அது. சவுரியம்மாள் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"எப்பவாவது வலிச்சுதா?"

"இல்லன்னு சொல்றேன்ல."

டாக்டரம்மா காதுக்குக் கீழே, தாடைக்குக் கீழே, கழுத்து ஓரமாக விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தாள். தாடைக்கடியில் ஓரிடத்தில் விரல் நின்றது. பட்டாணி மாதிரி ஒன்று அங்கே உருண்டது.

"இது எப்பலேர்ந்து இருக்கு?"

"இப்பத்தான் நீ சொல்லித் தெரியுது."

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "சவுரியம்மா, வலிச்சிருந்தா எனக்கு இவ்ளோ பயம் இருக்காது. இது புத்துநோய் மாதிரிதான் தெரியுது. ஆனா சாதாரணமா நாங்க பார்க்கிற புத்து இல்ல. வயசானவங்களுக்கு அபூர்வமா வர்றது. ரொம்ப வேகமா வளரும், கழுத்துக்கு எறங்கும். ஒரு சின்னத் துண்டு எடுத்து மெட்ராசுக்கு அனுப்பிப் பூதக்கண்ணாடியில பார்க்கச் சொல்றேன். பதில் வந்ததும் கட்டியையும் கழுத்துல இருக்கிறதையும் சேர்த்து எடுத்துடணும்."

"எடுக்கலன்னா?"

"செத்துப் போயிடுவீங்க."

"எடுத்தா?"

"அப்பவும் சொல்ல முடியாது. எடுத்த இடத்துலயே மறுபடி வரலாம்."

சவுரியம்மாளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது. தன்னை ஏமாற்ற நினைக்காத ஒருத்தியை ரொம்ப நாள் கழித்துப் பார்த்தாள். கன்னத்தை நீட்டினாள். டாக்டரம்மா மரக்க வைத்து, துவரம்பருப்பு அளவுக்குச் சதையைக் கிள்ளி எடுத்து, ஒரு தையல் போட்டு அனுப்பினாள்.

அதன்பிறகு நடந்ததற்கு யாரும் காரணம் இல்லை. காரணம் தாங்கள்தான் என்று பிற்பாடு சொல்லிக்கொண்ட எல்லாரையும் கணக்கில் எடுத்துத்தான் இதைச் சொல்கிறேன். தையல் போட்ட இடம் முதலில் வீங்கியது. பிறகு கட்டியே மெத்தென்று ஆனது. ஊதா நிறம் வெளுத்தது. மணலில் உட்கார்ந்திருந்தபோது ஒருநாள் இடது கண் முழுதாகத் திறப்பதை உணர்ந்தாள். கையை வைத்துப் பார்த்தாள். பழைய உயரம் இல்லை. பக்கத்தில் இருந்தவளிடம், "ஏய், இங்க பாரு, இது கம்மியா இருக்குதா?" என்றாள். அந்தப் பெண் பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மெட்ராஸ் பதில் வந்திருக்கிறதென்று கார்டு வந்தபோது கட்டி பாதியாகிவிட்டது. வேலூரில் டாக்டரம்மா காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி நின்றாள். பெரிய வெள்ளைக்கார டாக்டரம்மாவைக் கூட்டிவந்து காட்டினாள். இருவரும் இங்கிலீஷில் பேசினார்கள். பெரியவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

"சந்தேகமில்லாம புத்துன்னுதான் எழுதியிருக்காங்க. அதுலயும் மோசமான ஜாதி. எந்த வகைன்னு அவங்களாலயே சொல்ல முடியல. ஆனா..." டாக்டரம்மா கட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "இது கரையுது."

"நீதான வெட்டின."

"நான் எடுத்தது ஒரு பருப்பு. மிச்சம் எப்படிப் போகுது?"

"என்னைக் கேட்டா?"

"எனக்குத் தெரியல, சவுரியம்மா."

வெட்டாமல் பார்த்திருப்போம் என்று முடிவானது. மழைக்காலம் முடியும்போது கன்னத்தில் ஒரு தட்டையான வெளிறிய தழும்பு மட்டும் இருந்தது. தாடைக்கடியில் இருந்த பட்டாணியும் காணவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னாள் டாக்டரம்மா. ஆம்பூரில் யார் கூப்பிட்டாலும் போகாதவள் அதற்கு மட்டும் தவறாமல் போனாள்.

இனித்தான் வெட்கக்கேடு. வாணியம்பாடிக்காரர்கள் பெண் பார்க்க வந்தார்கள். சின்னப்பனின் பெண்டாட்டி, தான் தர்காவில் வேண்டிக்கொண்டு கட்டிய கயிற்றால்தான் என்றாள். சவுரியம்மாளின் கையில் கயிறே கிடையாது. கேட்டதற்கு, தலையணைக்கடியில் வைத்ததாகச் சொன்னாள். உபதேசியார் நன்றி பூசை ஏற்பாடு செய்து, பூசை முடிந்ததும் அவளைப் பீடத்துக்கு முன்னால் நிறுத்திச் சாட்சி சொல்லச் சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொஞ்சம் கிள்ளி எடுத்தாங்க. மிச்சம் தானா போச்சு" என்றாள் சவுரியம்மாள்.

உபதேசியார் உடனே சபையைப் பார்த்துத் திரும்பினார். "தானா போச்சு என்கிறாளே, அந்தத் 'தானா' யார்? அவர்தான் கர்த்தர்!" என்று முழங்கினார். மாதங்களாக அவள் பக்கத்தில் முழங்காலிடாத ஜனங்கள் எல்லாம் ஆமென் சொன்னார்கள். அன்று அவள் பக்கத்தில் இடம் பிடிக்க நெருக்கியடித்தார்கள்.

சுந்தரமூர்த்தி இவர்களையெல்லாம் மிஞ்சினார். கடைக்கு மேலே ஒரு பெரிய பலகை ஏறியது. மருத்துவர்கள் கைவிட்ட சவுரியம்மாளின் தீராத கட்டியைத் தீர்த்த கைராசி வைத்தியசாலை என்று எழுத்து. இரண்டு பக்கமும் இரண்டு முகம், ஒன்றில் பூசணிக்காய் அளவு கட்டி, இன்னொன்றில் கட்டி இல்லை. வேலூர் லாங் பஜாரிலிருந்து கூட்டிவந்த படம் எழுதுகிறவன் அவளைப் பார்த்ததே இல்லை. அதனால் எலுமிச்சை நிறமும் மூக்குத்தியும் சின்ன வயதுமாக எழுதிவைத்தான். கைராசி என்றால் கை பட வேண்டும். அந்தக் கை அவள் மேல் பட்டதே கிடையாது, பட்டிருந்தால் வீட்டுக்குப் போய்த் தலைமுழுகியிருக்கும். சவுரியம்மாள் பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "யார்டி இவ, நல்லா இருக்கிறாளே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போதே அதை இறக்கியிருக்கலாம். அவள் அதை ஒரு சிரிப்புக்கு மேல் மதிக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஷாப்பு முதலாளி முக்தார் அகமது சாகிபின் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. ஆற்று மணலுக்கு அவர் வரும்போதெல்லாம் ரோமத்தைத்தான் பார்ப்பார், பரப்புகிறவர்களைப் பார்த்ததில்லை. சவுரி என்ற பெயர் தனக்குத் தெரியும் என்பதையே அன்றுதான் காட்டிக்கொண்டார். பின்கட்டில் அவருடைய மருமகள் ஷஹீன் பானு ஒரு பாயைப் போட்டு உட்காரச் சொன்னாள். சவுரியம்மாள் நின்றாள்.

சாகிப் தொப்பியைக் கழற்றினார். வழுக்கைத் தலையில், வலது காதுக்கு மேலே, ஊதாச் சிவப்பில் பளபளவென்று ஒரு கட்டி.

"சவுரி, உனக்கு வந்தது இதுதானா?"

"இதே மாதிரிதான்."

"வலி இல்ல. ஒண்ணுமில்ல. ஆனா சீக்கிரம் சீக்கிரமா வளருது. நீ இன்னா மருந்து போட்ட?"

"மருந்து ஒண்ணும் போடல மொதலாளி."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"சொல்றதுக்கு இன்னா இருக்குது? வேலூர்ல கிள்ளி எடுத்தாங்க. தானா போச்சு. ஏன் போச்சுன்னு அங்க இருக்கிற டாக்டரம்மாவுக்கே தெரியாது."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். ஆயுள் முழுக்கத் தோல் வாங்கி விற்றவர். எதிராளி எதையோ மறைக்கிறான் என்று நம்பித்தான் எந்தப் பேச்சையும் ஆரம்பிப்பார். மறைக்க ஒன்றும் இல்லாதவளை எப்படிக் கையாள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

சவுரியம்மாள் கிட்டே போனாள். டாக்டரம்மா செய்த மாதிரியே அவருடைய காதுக்குப் பின்னாலிருந்து கழுத்து வரை விரலால் தடவினாள். ஷஹீன் பானு மூச்சை இழுத்துக்கொண்டாள். சாகிப் அசந்துபோய் அப்படியே உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கெட்டியாக இரண்டு உருண்டை தட்டுப்பட்டது.

"கீழ எறங்கிடுச்சு மொதலாளி. வைத்தியன் கிய்த்தியன்னு பேஜார் பண்ணிக்காம நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. எனக்குப் போன மாதிரி உங்களுக்கும் போவும்னு ஒக்காந்திராதீங்க."

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. ரோமம் பொறுக்குகிற ஒருத்தி தன் கழுத்தைத் தடவிவிட்டுத் தனக்கே உத்தரவு போடுகிறாள். "போ, போ. உனக்கு ரொம்ப ஜாஸ்தியாய்டுச்சு" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஜட்காவில் சுந்தரமூர்த்தி வந்தார். சாகிபின் தலை என்றதும் தீட்டு எங்கே போயிற்றோ தெரியவில்லை, இரண்டு கையாலும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அதே பச்சைக் களிம்பு, இப்போது வெள்ளிக் கிண்ணத்தில். பெரிய மனிதர் என்பதால் பத்தியமும் சேர்ந்துகொண்டது. களிம்பிலேயே மூன்று மாதம் போனது. கட்டி இரண்டாகப் பிரிந்து வளர்ந்தது. பிறகுதான் மகன்கள் அவரை மெட்ராசுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பெரிய சர்ஜன் தலையிலும் கழுத்திலும் அகலமாக வெட்டி எடுத்தார். சுத்தமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். ஆம்பூர் ஸ்டேஷனில் மாலை போட்டு இறக்கினார்கள். தையல் காய்வதற்குள் அதன் ஓரத்திலேயே புதிதாகச் சின்னச் சின்ன ஊதா முளைகள் கிளம்பின. கழுத்து வீங்கியது. பிறகு இருமல், பிறகு மூச்சு. அந்த வருஷத்து ரம்ஜானுக்கு அவர் இல்லை.

கடைசி நாட்களில் அவர் ஒருமுறை, "சவுரி சரியாச் சொன்னா" என்றாராம். ஷஹீன் பானு இதைத் தன் வேலைக்காரியிடம் சொன்னாள். வெளியே அது வேறு மாதிரி வந்தது. சவுரியிடம் மருந்து இருந்தது, முதலாளி கேட்டும் மறைத்துவிட்டாள் என்று வந்தது. செத்தவர் பேரைச் சொன்னால் எதையும் நம்புகிற கூட்டம். பெரிய மகன் அப்துல் சமத் அவளை ரோமம் காயவைக்கிற களத்துக்கு இனி வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினான். அவள் கையிலிருந்த கூடையை மணலில் கவிழ்த்துவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். சின்னப்பன் அழுதான். அத்தைக்காக அல்ல, தன் வேலையும் போய்விடுமோ என்று.

களிம்பு போட்ட சுந்தரமூர்த்தியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மெட்ராஸில் வெட்டியதால்தான் கெட்டது என்று அவர் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

சில மாதம் கழித்துக் குடியாத்தத்திலிருந்து ஒரு நெசவுக்காரன் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தான். அம்மா பெயர் அமிர்தவள்ளி. முழங்கைக்கு மேலே சுண்டைக்காய் அளவில் ஊதாக் கட்டி. குடியாத்தத்தில் இருந்த ஒரு டாக்டர் உடனே வெட்டவேண்டும் என்று சொன்னாராம். பலகையைப் பற்றி யாரோ சொன்னதைக் கேட்டு அதை விட்டுவிட்டு ஆம்பூருக்கு வந்திருக்கிறார்கள். களிம்பும் வாங்கியாயிற்று. பலகையில் இருக்கிற அம்மாளை நேரில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்களாம்.

"நீங்கதானா அது? படத்துல வேற மாதிரி இருந்தீங்களே" என்றாள் அமிர்தவள்ளி.

சவுரியம்மாள் அந்த வாழையிலைத் துண்டை வாங்கிப் பிரித்தாள். அதே பச்சை. அதே நாற்றம். எழுந்து, பக்கத்து வீட்டில் சுவருக்கு அடிக்கக் கரைத்து வைத்திருந்த சுண்ணாம்பு வாளியையும் மட்டையையும் எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தாள். வந்தவர்கள் இருவரும் பின்னால் ஓடினார்கள். சந்தை நாள், தெரு நிறையக் கூட்டம். வைத்தியசாலைக்கு எதிரே நின்ற ஒரு வண்டியைப் பலகைக்கு அடியில் நகர்த்தச் சொல்லி, அதன் மேல் ஏறி நின்று, பலகையின் மேல் மட்டையை இழுத்தாள். முதலில் கட்டி இல்லாத முகம் போனது.

சுந்தரமூர்த்தி பதறிக்கொண்டு வெளியே வந்தார். "ஏய், கிழவி! இன்னா பண்ற? யாரைக் கேட்டுப் பண்ற?"

"என் மூஞ்சிதானே? நானே அழிச்சுக்கிறேன்."

"போலீசைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடு. வந்தா நீ என் கன்னத்தை எந்தக் கையால தொட்டேன்னு கேக்கறேன். தரையில தள்ளினியே, அந்தக் காலாலயா?"

தெரு சிரித்தது. அதே தெருதான் நேற்றுவரை அவர் பலகையைக் காட்டி வெளியூர்க்காரர்களுக்கு வழி சொன்னது. சிரிக்கக் கிடைத்தால் யார் பக்கமும் சிரிக்கும். சவுரியம்மாள் தெருவையும் மதிக்கவில்லை. எழுத்து முழுவதும் மறைகிற வரை அடித்தாள். சுண்ணாம்பு அவர் மேல்துண்டில் தெறித்தது. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வண்டியிலிருந்து இறங்கி அமிர்தவள்ளியைப் பார்த்து, "அந்தப் பச்சையைத் தூரப் போடு. ரயில் இருக்குது, வா" என்றாள்.

அன்றைக்கே வேலூருக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா அமிர்தவள்ளியின் அக்குளில் விரல் வைத்துப் பார்த்தாள், அங்கே ஒன்றும் இல்லை. கட்டியைச் சுற்றி நல்ல சதையோடு சேர்த்து அகலமாக வெட்டி எடுத்தாள். அடுத்த வருஷம் தழும்பின் ஓரத்தில் ஒரு முளை வந்தது. காட்டப் போனார்கள், அதையும் எடுத்தாள். அதற்குப் பிறகு வரவில்லை. அமிர்தவள்ளியின் வலது கை முன்போல மடங்காது, ஆனாலும் குடியாத்தத்தில் ராட்டை சுற்றிக்கொண்டு இருந்தாள். ஒரே கட்டி ஒருத்தரை விட்டது, ஒருத்தரைக் கொண்டுபோனது, ஒருத்தரை வெட்டி வெட்டிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. இதில் யார் செய்த புண்ணியம் எங்கே இருக்கிறது என்று உபதேசியாரைத்தான் கேட்க வேண்டும்.

சவுரியம்மாள் வேலூருக்குக் கடைசியாகப் போனபோது அந்த டாக்டரம்மா மாற்றலாகிப் போயிருந்தாள். அவள் இடத்தில் சீமையில் படித்துவிட்டு வந்த ஒருத்தி இருந்தாள். சவுரியம்மாளின் தழும்பைத் தூரத்திலிருந்து பார்த்தாள், பழைய காகிதத்தைப் புரட்டினாள்.

"இது புத்தாவே இருந்திருக்காது. புத்து தானா போகாது. முன்னாடி இருந்தவங்க தப்பாப் பார்த்திருக்காங்க."

"மெட்ராஸ்லயும் தப்பாப் பார்த்தாங்களா?"

"இருக்கலாம். உங்களுக்கு வந்தது சாதாரணக் கட்டி. இனி வரவேண்டாம்."

சவுரியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். சுந்தரமூர்த்தியைப் பார்த்த அதே பார்வை. "சரிம்மா. நல்லாப் படிச்சிருக்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வாசலில் துப்பினாளா இல்லையா என்பதில் இரண்டு பேச்சு இருக்கிறது.

முப்பத்தேழாம் வருஷம் பங்குனியில் அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. கட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அந்தக் கோடையில் சேரியில் பலபேர் அப்படிப் போனார்கள். கன்னத்தில் கடைசிவரை ஒன்றும் திரும்பி வரவில்லை. இரண்டு நாள் படுத்தாள். சின்னப்பன், சுந்தரமூர்த்தியைக் கூப்பிடட்டுமா என்று கேட்டான். அவனுடைய மூளை அவ்வளவுதான். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அடக்கத்துக்கு உபதேசியார் பெரிய பிரசங்கம் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். சுந்தரமூர்த்தியே ஒரு ரோஜா மாலை அனுப்பினார், பேர் எழுதிய அட்டையோடு. சின்னப்பன் அதை வாங்கி எல்லாரும் பார்க்கிற மாதிரி சவப்பெட்டி மேலே போட்டான். ஷாப்பில் ரோமம் காயவைக்கிற பெண்கள் அரை நாள் லீவு கேட்டார்கள். அப்துல் சமத் கொடுக்கவில்லை. அவர்கள் ஈர ரோமத்தைக் கூடையிலேயே விட்டுவிட்டு ஆற்றங்கரை வழியாகக் கல்லறைக்கு வந்துவிட்டார்கள். மறுநாள் எல்லாருக்கும் வசவு விழுந்தது. கூடையில் இருந்த ரோமம் புழுங்கிக் கெட்டுப்போயிருந்தது.